ஓவர்டிராஃப்டில் இருக்கும்போது வங்கி மாறலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். இங்கிலாந்தில் லெஸ்டரில் நர்ஸாக இருக்கிறீர்கள், வந்து மூன்று வருடம் ஆகிறது. 27ஆம் தேதி கைக்கு 2,100 பவுண்டு சம்பளம் வருகிறது. கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் 1,500 பவுண்டு வரை மைனஸில் எடுத்துக்கொள்ளும் ஓவர்டிராஃப்ட் வசதியை வங்கி கொடுத்திருக்கிறது. சம்பளத்துக்கு முந்தின நாள் கணக்கு மைனஸ் 1,400இல் நிற்கிறது. மாதம் 24 பவுண்டு போல வட்டி போகிறது. வரும்போது வீட்டு நகையை அடகு வைத்து வாங்கிய கடனுக்காக மாதம் 500 பவுண்டு ஊருக்கு அனுப்புகிறீர்கள். இப்போது இன்னொரு வங்கி, கணக்கை அங்கே மாற்றினால் 175 பவுண்டு தருகிறேன் என்கிறது. மைனஸில் இருக்கும்போது மாற முடியுமா, மாறினால் பழைய கடன் என்ன ஆகும், இதெல்லாம் விசாவைப் பாதிக்குமா என்பவைதான் உங்கள் கேள்விகள்.

மாற முடியுமா என்பதற்குப் பதில் எளிது: முடியும், புதிய வங்கி சம்மதித்தால். ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது அது இல்லை என்று நினைக்கிறேன். சம்பளம் வந்து பத்து நாளுக்குள் கணக்கு ஏன் மறுபடியும் பள்ளத்துக்குப் போகிறது என்பதுதான் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. கணக்கை மாற்றினால் கடன் இருக்கும் இடம் மாறும், தொகை மாறாது. அதனால் கடனை முதலில் எடுத்துக்கொண்டு, வங்கி மாறுவதைப் பிறகு சொல்கிறேன். நான் இங்கே வங்கிக் கிளையில் வேலை பார்த்து, பிறகு பல வருடங்களாக இலவசக் கடன் ஆலோசனை தரும் மையத்தில் இருப்பவன். நம் ஊரிலிருந்து வந்தவர்கள் இதே நிலையில் நிறையப் பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. ஸ்காட்லாந்தில் கடன் சட்டம் சில இடங்களில் வேறு.

ஊரில் ஓவர்டிராஃப்ட், அதாவது ஓ.டி. என்றால் கடை வைத்திருப்பவர், மில் நடத்துபவர் விஷயம். மாதச் சம்பளக்காரர் கணக்கில் 200 ரூபாய் இருந்தால் பெரும்பாலும் 200தான் எடுக்க முடியும். இங்கே சம்பளக் கணக்கிலேயே ஓவர்டிராஃப்ட் சேர்ந்து வருகிறது. ஆப்பில் இரண்டு முறை தட்டினால் எல்லையைக் கூட்டியும் தருவார்கள். அதனால் அது கடன் என்றே பலருக்கு மனதில் பதிவதில்லை. முன்பெல்லாம் ‘எடுக்கக்கூடிய தொகை’ என்று திரையில் காட்டும்போது ஓவர்டிராஃப்டையும் சேர்த்தே காட்டினார்கள். நிதி ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.ஏ. 2019 இறுதியில் அதைத் தடுத்தது. அடுத்து 2020 ஏப்ரல் 6 முதல், ஒரு நாளைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவதையும் நிறுத்தி, ஆண்டு வட்டி விகிதம் என்ற ஒரே வடிவத்தில்தான் விலை சொல்ல வேண்டும் என்று ஆக்கியது. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினால் அதற்குத் தனியாகக் கூடுதல் வட்டி போடவும் கூடாது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் கட்டணங்கள் போனதும் பெரும்பாலான பெரிய வங்கிகளின் வட்டி 35இலிருந்து 40 சதவீதத்துக்குள் போய் உட்கார்ந்தது. 39.9 என்ற எண்ணை அடிக்கடி பார்ப்பீர்கள். சில கணக்குகளில் அதற்கு மேலும் உண்டு.

39.9 சதவீதம் என்றால் 1,000 பவுண்டு மைனஸில் ஒரு நாள் இருக்க 92 பென்ஸ் போல ஆகும். உங்கள் மாதத்தை அப்படியே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 27ஆம் தேதி மைனஸ் 1,400இல் 2,100 விழுந்ததும் பிளஸ் 700. மறுநாள் ஊருக்கு 500, மிச்சம் 200. முதல் தேதி வாடகை 750, அங்கேயே மைனஸ் 550. பத்தாம் தேதிக்குள் உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி, கரண்ட், போன், பஸ் பாஸ் எல்லாம் போய் மைனஸ் 900. அதன்பிறகு சாப்பாடும் சில்லறைச் செலவும் 26ஆம் தேதிக்குள் 1,400க்குக் கொண்டுபோகின்றன. இந்த நாட்களை எல்லாம் வட்டியோடு பெருக்கிக் கூட்டினால் 24 பவுண்டுக்குப் பக்கத்தில்தான் வருகிறது, நீங்கள் சொன்ன தொகையோடு ஒத்துப்போகிறது. வருடத்துக்கு 288. புதிய வங்கி காட்டும் 175ஐவிட இது அதிகம்.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அதே 1,400இல்தான் நிற்கிறீர்கள், 1,400 அடுத்த மாதம் 1,450 ஆகவில்லை. அதாவது வரவும் செலவும் வட்டி உட்பட நேராக இருக்கின்றன. என்றோ ஒரு முறை விழுந்த பள்ளம்தான் இது. முதல் வருட டெபாசிட்டோ, விமான டிக்கெட்டோ, எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பள்ளத்தை ஒரு முறை நிரப்பிவிட்டால் மறுபடி விழ வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மாதாமாதம் ஆழமாகிக்கொண்டே போகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த 1,400ஐ எங்கிருந்து அடைப்பது? ஊருக்குப் போகும் 500இலிருந்து என்பதுதான் என் பதில். கேட்டதும் மனசு ஒப்பாது என்று தெரியும். அம்மாவின் நகை அடகில் இருக்கும்போது இங்கே வங்கிக்குக் கட்டச் சொல்கிறேனே என்று தோன்றும். ஆனால் வட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊரில் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்த நகைக்கு வருடத்துக்குப் பெரும்பாலும் 9இலிருந்து 12 சதவீதம். இங்கே நீங்கள் கட்டுவது 40. பத்து சதவீதக் கடனை அடைப்பதற்காக நாற்பது சதவீதக் கடனைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். ஏழு மாதத்துக்கு 500க்குப் பதில் 300 அனுப்பி, 200ஐ இங்கே விட்டால் ஓவர்டிராஃப்ட் தீர்ந்துவிடும். எட்டாவது மாதத்திலிருந்து 500 மட்டும் இல்லை, வட்டியாகப் போன 24ஐயும் சேர்த்து அனுப்பலாம். நகை வீட்டுக்கு வரும் நாள் கொஞ்சம் தள்ளிப்போனாலும், மொத்தமாகப் போகும் பணம் குறைவு.

இதற்கு இரண்டு விதிவிலக்கு உண்டு, இரண்டும் முக்கியம். நகை வங்கியில் இல்லாமல் தெரிந்தவரிடமோ அடகுக் கடையிலோ நூற்றுக்கு மூன்று வட்டியில் இருந்தால் அது வருடத்துக்கு 36 சதவீதம். அப்போது இரண்டு கடனும் ஏறக்குறைய ஒரே விலை. அப்படியானால் நகையையே முதலில் மீட்கச் சொல்வேன், ஏனென்றால் அங்கே தவறினால் போவது நகை. இரண்டாவது, வங்கி நகைக்கடன்களில் பல பன்னிரண்டு மாதத்தில் முடிக்கவோ வட்டி கட்டிப் புதுப்பிக்கவோ வேண்டியவை. அந்தத் தேதி எப்போது என்று வீட்டில் ரசீதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தவணை தவறி ஏல நோட்டீஸ் வரும் அளவுக்கு இங்கே பணத்தைத் திருப்பிவிடாதீர்கள். பவுண்டுக்கு ரூபாய் என்ன விலை போகும், தங்கம் ஏறுமா என்பதையெல்லாம் இந்த முடிவில் சேர்க்க வேண்டாம். அவை யார் கையிலும் இல்லை, வட்டி வித்தியாசம் மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

சீட்டு கட்டுகிறீர்களா என்று எழுதவில்லை. இங்கே நம்மவர்களிடம் சீட்டு சகஜம் என்பதால் சொல்லிவைக்கிறேன். மைனஸில் இருக்கும் கணக்கிலிருந்து சீட்டுத் தவணை கட்டுவதும் நாற்பது சதவீதத்துக்குக் கடன் வாங்கிச் சேமிப்பதுதான். நடக்கிற சீட்டைப் பாதியில் விடுவது மரியாதைக் குறைவு, அதைச் செய்யச் சொல்லமாட்டேன். உங்கள் முறை வந்ததும் அந்தத் தொகை முதலில் இங்கே விழட்டும். ஓவர்டிராஃப்ட் தீரும்வரை புதுச் சீட்டில் சேர வேண்டாம்.

200 பவுண்டை எப்படி ‘விடுவது’ என்பதிலும் ஒரு வழி இருக்கிறது. கணக்கிலேயே சும்மா விட்டால் அது மாதக் கடைசியில் காணாமல் போய்விடும், எல்லோருக்கும் நடப்பதுதான். அதனால் ஓவர்டிராஃப்ட் எல்லையையே இறக்கிக்கொண்டு வாருங்கள். சம்பளம் விழுந்து, கணக்கு பிளஸில் இருக்கும் அன்று ஆப்பைத் திறந்து 1,500ஐ 1,300 ஆக்குங்கள். அடுத்த சம்பளத்தில் 1,100. பெரும்பாலான வங்கி ஆப்பில் நீங்களே குறைத்துக்கொள்ளலாம்; இல்லாவிட்டால் ஒரு போன் போதும். குறைத்ததை மறுபடி கூட்ட வேண்டும் என்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், வங்கி மறுக்கவும் செய்யலாம். அந்தத் தடை நமக்குச் சாதகமானது. ஒரே எச்சரிக்கை, வாடகையோ, கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் டைரக்ட் டெபிட்டோ அந்த எல்லைக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் குறையுங்கள். பணம் போதாமல் டெபிட் திரும்பினால், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையில் ஒரு தவறிய கட்டணமாகப் பதிவாகக்கூடும், அது ஓவர்டிராஃப்டில் இருப்பதைவிட மோசம். ஒரு நாள் அப்படி மாட்டிக்கொண்டால், பல வங்கிகள் அன்று மதியத்துக்குள் பணம் போட்டால் டெபிட்டை மறுபடி முயன்று பார்க்கும். எத்தனை மணி வரை என்பதை வங்கியின் குறுஞ்செய்தியிலேயே போட்டிருப்பார்கள்.

கூடவே தேதிகளையும் மாற்றிக் கேளுங்கள். கவுன்சில் வரி, கரண்ட், போன் எல்லாவற்றையும் 28இலிருந்து 1ஆம் தேதிக்குள் எடுக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கவுன்சில் வரியைப் பத்துத் தவணைக்குப் பதில் பன்னிரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. இதனால் வட்டி குறையாது, முன்னதாகவே பணம் போவதால் ஒன்றிரண்டு பவுண்டு கூடவும் செய்யலாம். ஆனால் இரண்டாம் தேதி கணக்கில் தெரியும் தொகைதான் மாதம் முழுக்கச் செலவுக்கு என்று கண்ணுக்குத் தெரியும். என் அனுபவத்தில் அந்தத் தெளிவு அந்த இரண்டு பவுண்டைவிடப் பெரிது.

கடனை மலிவான இடத்துக்கு மாற்றுவது இன்னொரு வழி. ‘மணி டிரான்ஸ்ஃபர்’ வசதியுள்ள கிரெடிட் கார்டு சில உண்டு. அது பணத்தை நேராக உங்கள் வங்கிக் கணக்கில் போடும், சில மாதங்கள் வட்டி கிடையாது, தொடக்கத்தில் ஒரு கட்டணம் மட்டும். உதாரணத்துக்கு, கட்டணம் 4 சதவீதம், வட்டியில்லாக் காலம் 12 மாதம் என்றால் 1,400க்கு 56 பவுண்டு கட்டணம், மாதம் 121 பவுண்டு போலக் கட்டினால் முடிந்தது. பொதுவான ‘பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்’ கார்டு இதற்கு உதவாது, அது இன்னொரு கார்டுக் கடனை அடைக்க மட்டும். மூன்று வருடக் கடன் வரலாறு மட்டுமே இருப்பவருக்கு இந்தக் கார்டு கிடைக்குமா என்பதை யாரும் வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் நேராக விண்ணப்பிக்காமல், கடன் அறிக்கையில் மற்றவர்களுக்குத் தெரியாத ‘தகுதிச் சோதனை’யை முதலில் செய்து பாருங்கள். உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுக் கடன் சங்கமான கிரெடிட் யூனியனும் ஒரு வழி. மருத்துவமனைப் பணியாளர்களுக்குச் சம்பளத்திலேயே தவணையைப் பிடித்துக்கொள்ளும் யூனியன்கள் உண்டு. அவர்கள் வாங்கக்கூடிய உச்ச வட்டி மாதம் 3 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42.6. உச்சத்தில் கொடுத்தால் உங்களுக்கு லாபமில்லை, பலர் அதைவிடக் குறைத்துத் தருகிறார்கள், விகிதத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எந்த வழியாக இருந்தாலும் பணம் வந்து மைனஸ் அடைபட்ட அன்றே ஓவர்டிராஃப்ட் எல்லையை ரத்து செய்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டவர்கள் ஒரு வருடத்தில் கார்டுக் கடனும் பழைய மைனஸும் என இரண்டோடு வந்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

இப்போது வங்கி மாறுவது. இந்த நாட்டில் அது நன்றாக வேலை செய்யும் விஷயங்களில் ஒன்று என்று மனதாரச் சொல்வேன். 2013 செப்டம்பரில் கரண்ட் அக்கவுண்ட் சுவிட்ச் சர்வீஸ் என்ற கணக்கு மாற்றும் சேவை தொடங்கியது, இப்போது பே யூகே என்ற அமைப்பு நடத்துகிறது. புதிய வங்கியில் கணக்குத் திறந்து ‘முழு மாற்றம்’ என்று கேட்டு ஒரு தேதியைச் சொன்னால், ஏழு வேலை நாளில் டைரக்ட் டெபிட், நீங்கள் வங்கிக்குச் சொல்லிவைத்துத் தவறாமல் போகும் ஸ்டாண்டிங் ஆர்டர், மிச்சப் பணம் எல்லாம் அங்கே போய்விடும், பழைய கணக்கு மூடப்படும். தெரியாமல் பழைய எண்ணுக்கு யாராவது பணம் போட்டாலும் 36 மாதங்களுக்குப் புதிய கணக்குக்குத் திருப்பிவிடப்படும். மாற்றத்தில் கோளாறு நடந்து வட்டியோ அபராதமோ விழுந்தால் அதைத் திருப்பித் தருவதும் அந்த உத்தரவாதத்தில் இருக்கிறது. ‘பகுதி மாற்றம்’ என்று ஒன்றும் உண்டு; அதில் பழைய கணக்கு திறந்தே இருக்கும், ஆனால் இந்த உத்தரவாதம் பொருந்தாது. ஊக்கத்தொகையும் பெரும்பாலும் முழு மாற்றத்துக்குத்தான்.

மைனஸில் இருக்கும் கணக்கை முழு மாற்றம் செய்ய, புதிய வங்கி அதே அளவோ கூடுதலாகவோ ஓவர்டிராஃப்ட் தர ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் பழைய வங்கியில் மைனஸ் அடைபட்டு, புதிய வங்கியில் தொடங்கும், வட்டி ஏறக்குறைய அதேதான். ஒப்புக்கொள்ளாவிட்டால் பழைய வங்கியோடு பேசி மைனஸை அடைக்கும்வரை முழு மாற்றம் நடக்காது. புதிய வங்கி உங்கள் கடன் அறிக்கையில் 1,500 எல்லையும் அதில் 1,400 பயன்பாடும் பார்க்கும். அதை வைத்து என்ன முடிவெடுக்கும் என்பது ஒவ்வொரு வங்கியின் உள்கணக்கு. கடன் அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆப்பில் காட்டும் மதிப்பெண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த வங்கியும் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. எல்லையைத் தாண்டியது, டெபிட் திரும்பியது, குறுகிய காலத்தில் நிறைய விண்ணப்பம் போட்டது ஆகியவை கெடுதல் செய்யும். ஏழு மாதம் மைனஸ் குறைந்துகொண்டே வந்திருப்பது நல்லது செய்யும். அதனால் உங்களுக்கு என் யோசனை, முதலில் கடனை அடைத்துவிடுங்கள், பிறகு மாறுங்கள். இதே 175 அப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சலுகைகள் வருவதும் போவதுமாகவே இருக்கின்றன. ‘இரண்டு டைரக்ட் டெபிட் வேண்டும், இத்தனை நாளுக்குள் இவ்வளவு பணம் போட வேண்டும், முன்பு எங்களிடம் சலுகை வாங்கியிருக்கக் கூடாது’ என்ற நிபந்தனைகளை மட்டும் ஒரு வரி விடாமல் படியுங்கள்.

மாறும் நாள் வரும்போது நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் சில இடங்கள் உண்டு. முதலாவது பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும், பழைய வங்கி இன்ஷியலைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கும், புதிய வங்கியில் அப்பா பெயரைப் போட்டிருப்பீர்கள். இரண்டு கணக்கிலும் பெயரும் முகவரியும் ஒன்றாக இல்லாவிட்டால் மாற்றம் பாதியில் நின்றுபோகும். மாறுவதற்கு முன்பே பழைய வங்கியில் திருத்திவிடுங்கள். இரண்டாவது, கார்டு எண்ணை வைத்துத் தானாகப் போகும் கட்டணங்கள் மாறிவராது: சிம் ரீசார்ஜ், ஜிம், படம் பார்க்கும் சந்தா, பணம் அனுப்பும் ஆப்பில் சேமித்த கார்டு. மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து இவற்றைக் குறித்துவைத்து, புதிய கார்டு எண்ணை நீங்களே கொடுக்க வேண்டும். மூன்றாவது, பழைய கணக்கு மூடியதும் பழைய ஆப்பில் நுழைய முடியாது. நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கும்போதோ வீட்டுக் கடன் கேட்கும்போதோ பழைய ஸ்டேட்மென்ட் தேவைப்படும், வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக இறக்கிவைத்துவிடுங்கள். கணவரோடு கூட்டுக் கணக்கு வைத்திருந்தால் அதைத் தனிக் கணக்குக்கு இந்தச் சேவையில் மாற்ற முடியாது. மாற்றத் தேதியைச் சம்பளத்துக்கும் வாடகைக்கும் இடையில் வைக்காமல் 12, 15 என்று மாத நடுவில் வையுங்கள். பணம் திருப்பிவிடப்படும் என்றாலும் சம்பளப் பிரிவில் புதிய எண்ணைக் கொடுத்துவிடுவது நல்லது.

விசா பற்றி. வங்கிக் கடனோ ஓவர்டிராஃப்டோ ‘பொது நிதி’ இல்லை. உங்கள் விசாவில் ‘பொது நிதி பெறக் கூடாது’ என்று இருப்பது அரசு உதவித்தொகைகளையும் அரசு வீட்டு வசதியையும் குறிக்கும். இன்றைய விதிகளில் ஒரு வங்கிக்குக் கடன்பட்டிருப்பது மட்டும் விசா நீட்டிப்பையோ நிரந்தர வசிப்பையோ மறுக்கக் காரணம் ஆகாது. மருத்துவமனைக் கட்டண பாக்கி, உள்துறை அமைச்சகத்துக்குத் தர வேண்டிய வழக்குச் செலவு போன்றவை வேறு வகை, அவை பாதிக்கும். குடியேற்ற விதிகள் அடிக்கடி மாறுகின்றன, நான் குடியேற்ற ஆலோசகரும் இல்லை. விண்ணப்பிக்கும் சமயத்தில் பதிவு பெற்ற ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பிப் போய்விட்டால் கடன் தானாகப் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மாதாமாதம் மைனஸ் கூடிக்கொண்டே போகிறவர்களுக்குச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். இந்தப் பதிலைப் படிப்பவர்களில் அப்படிப்பட்டவர்களும் இருப்பார்கள். வாடகைக்கோ சாப்பாட்டுக்கோ பணம் இல்லாமல் மைனஸ் வளர்ந்தால், மைனஸ் கணக்கில் சம்பளம் விழுவதை நிறுத்துவதுதான் முதல் வேலை. கடன் எதுவும் இல்லாத வேறொரு வங்கிக் குழுமத்தில் ஓவர்டிராஃப்ட் இல்லாத அடிப்படைக் கணக்கைத் திறந்து, சம்பளத்தை அங்கே மாற்றிவிட வேண்டும். பெரிய வங்கிகள் இந்த அடிப்படைக் கணக்கைக் கட்டணமில்லாமல் தரக் கடமைப்பட்டவை. பிறகு பழைய வங்கியிடம் ‘என்னால் முடியவில்லை, வட்டியை நிறுத்துங்கள், மாதம் இவ்வளவு கட்டுகிறேன்’ என்று எழுத்தில் கேட்க வேண்டும். ஓவர்டிராஃப்டைத் தொடர்ந்து பயன்படுத்துபவர்களைக் கண்டுபிடித்து உதவ வேண்டும் என்பது வங்கிகளுக்கு எஃப்.சி.ஏ. போட்டிருக்கும் விதி. அதனால் இது கெஞ்சல் ஆகாது.

உங்களுக்கு இந்த வழியை நான் ஏன் சொல்லவில்லை என்றால், சம்பளத்தைப் பிரித்தால் பழைய கணக்கில் 1,400 மாதம் முழுவதும் மைனஸிலேயே கிடக்கும், வட்டி 24இலிருந்து 38 பவுண்டுக்கு மேல் போகும். சம்பளம் அதில் விழும் சில நாட்கள்தான் உங்கள் வட்டியைக் குறைத்துக்கொண்டிருக்கின்றன. வட்டியை நிறுத்த வங்கி ஒப்புக்கொண்டால் மட்டும் பிரிப்பது லாபம். கட்டவே முடியாதவர்களுக்கு வட்டி நின்றுபோகும், கடன் அறிக்கையில் அதன் தழும்பு ஆறு வருடம் இருக்கும். கட்ட முடிகிற உங்களுக்கு அந்தத் தழும்பு தேவையில்லை.

அந்த நிலையில் இருப்பவர்கள் தனியாகப் போராட வேண்டாம். கடன் ஆலோசனை தரும் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றும் இலவசம், பேசுவது வெளியே போகாது. அவர்கள் வழியாக ‘பிரீதிங் ஸ்பேஸ்’ என்ற திட்டத்தில் 60 நாட்களுக்கு வட்டியையும் வசூல் நடவடிக்கையையும் நிறுத்திவைக்க முடியும். இங்கிலாந்து, வேல்ஸில் 2021 மே மாதத்திலிருந்து இது சட்டம். பணம் வாங்கிக்கொண்டு ‘கடனைத் தீர்த்துத் தருகிறோம்’ என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள். வங்கி நியாயமாக நடக்கவில்லை என்று தோன்றினால் முதலில் வங்கியிலேயே புகார் கொடுக்க வேண்டும். எட்டு வாரத்தில் முடிவு வராவிட்டாலோ வந்த முடிவில் திருப்தி இல்லாவிட்டாலோ வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதி ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. வங்கி இறுதிப் பதில் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை: இதே வங்கியில் உங்களுக்குக் கிரெடிட் கார்டோ கடனோ இருக்கிறதா? இருந்து, அதில் தவணை தவறியிருந்தால், உங்கள் கணக்கில் விழும் பணத்தை எடுத்து அந்தக் கடனுக்கு ஈடுசெய்துகொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. அப்படி இருந்தால் மேலே நான் சொன்ன வரிசை மாறும், வேறு வங்கியில் கணக்குத் திறப்பது முதலில் வரும். அதையும், ஊரில் நகை எங்கே, என்ன வட்டியில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கணக்கைத் திருத்திப் போட்டுத் தருகிறேன்.